இடது பக்கம் போகும் பந்து

3, திங்கள்
ஒரே கசகசப்பு. உப்புக் காத்து சட்டையில ஒட்டுது. கன்டெய்னர் யார்டுல ஷிப்ட் முடிஞ்சு நேரா ராயபுரம் பில்லியர்ட்ஸ் கிளப். பத்து பந்து அடிச்சேன், ஏழு இடது பக்கமா போய் பாக்கெட் ஓரத்துல மோதி நின்னுச்சு. கை நடுங்கல. நிக்கிற நிலை சரி. அப்ப கியூ குச்சிதான். பன்னெண்டு வருஷத்துக் கட்டை, இந்தக் காத்துல வளைஞ்சிருக்கும். வளைஞ்சே ஆகணும்.

ஏன்னா கியூ இல்லன்னா வேற காரணம் ஒண்ணு கீது. எழுதினா நிஜமாயிடுமோன்னு பயம். எழுதிடறேன். கண்ணு. அப்பாவுக்கு சுகர்லதான் பார்வை போச்சு. எனக்கும் ரெண்டு வருஷமா சுகர். கண்ணு தெரியாதவனுக்கு கிரேன் கேபின்ல இன்னா வேலை?

ஞாயித்துக்கிழமை மாவட்ட டீமுக்கு செலக்ஷன். எனக்கு நாப்பத்தொண்ணு. இதை விட்டா அவ்ளோதான்.

4, செவ்வாய்
கேஸ் புக் பண்ணணும் (வீட்டுக்காரி கலா மூணு தடவ சொல்லிட்டா).
புது கியூ.
டிப் (கியூ முனையில ஒட்டற தோல்).
சுகர் டெஸ்ட். அப்பறம் பாத்துக்கலாம்.

பழைய கியூவை டேபிள் மேல உருட்டிவிட்டா தெரிஞ்சிடும். வளைஞ்சிருந்தா தடக் தடக்னு குதிக்கும். ஒரு நிமிஷ வேலை. உருட்டல. கிளப் ஓனர் பஷீர் பாத்துகினே இருந்தான். "இன்னா மாமு, அத்தப் போயி கொயந்த மாறி தடவிகினு கீற?" புதுசு வாங்கப் போறேன்னேன்.

5, புதன்
லீவு. பாரிஸ் கார்னர்ல கடை. நாலு கியூ கையில எடுத்துப் பாத்தேன். பத்தொம்பது அவுன்ஸ் எடைதான் நமக்கு. ரெண்டு துண்டையும் திருகி மூட்டினா நடுவுல கோடு விழக்கூடாது. டிப், ஹார்டு வேணாம், சாக்பவுடர் நிக்காது, வழுக்கும். சாஃப்ட் சீக்கிரம் அமுங்கிடும். மீடியம், அடுக்குத் தோல். முன்பாதி மட்டும் கார்பன் ஃபைபர். "உப்புக் காத்துக்கு வளையாது சார்"னு கடைக்காரர் சொன்னதும் அதையே எடுத்துட்டேன்.

"நேரா இருக்கான்னு கண்ணுல வெச்சுப் பாருங்க சார்"ன்னார். வலது கண்ணுல வெச்சேன். முனைகிட்ட ஒரே புகை. லைட்டு சரியில்லன்னு சொல்லிட்டேன்.

6, வியாழன்
புது கியூ. இருபதுல பதிமூணு இடது பக்கம். டிப் இன்னும் படியலன்னு சொல்லிக்கிட்டேன். பஷீர் வாங்கி அஞ்சு அடிச்சான். அஞ்சும் உள்ள. "செம கியூ மாமு!"

சோறு எறங்கல.

7, வெள்ளி
கிளப்ல யாரும் இல்ல. பழைய கியூவை உருட்டினேன். சத்தமே இல்லாம ஓடுச்சு. நூல் புடிச்ச மாதிரி நேரா.

இடது கண்ணை மூடிக்கிட்டு பந்து மேல நம்பரைப் படிச்சுப் பாத்தேன். படிக்க முடியல. பாத்ரூம்ல போய் நின்னேன் கொஞ்ச நேரம்.

வீட்டுல கலா: "இன்னாத்துக்கு மூஞ்சி இப்டி கீது?"
"டிப்பு சரியில்ல."
"புதுசு போட்டுகினுதான வந்த?"
டிவியைப் போட்டேன். இவகிட்டயே சொல்ல வாய் வரலன்னா எவன்கிட்ட சொல்லப் போறேன்? தூ.

8, சனி
ஒரு வழி கண்டுபுடிச்சேன். எங்க தெரியுதோ அங்க அடிக்காம, அரை விரல் வலது பக்கம் தள்ளி அடிக்கணும். இருபதுல பதினேழு உள்ள.

கேஸ் வந்துச்சு.

9, ஞாயிறு
ஜெயிச்சேன். கடைசில கறுப்புப் பந்து. அரை விரல் தள்ளி வெச்ச குறி என் கண்ணுக்கு தப்பாதான் தெரிஞ்சுது. தப்பா தெரிஞ்ச எடத்துலேயே அடிச்சேன், உள்ள போச்சு. டீம்ல பேரு வந்துடுச்சு. பஷீர் கட்டிப் புடிச்சு, "கியூ இன்னா வேல காட்டிச்சு பாத்தியா!" சிரிச்சேன். ஒருத்தனுக்கும் தெரியல. சந்தோஷப்படணும்தான. சட்டை முழுக்க வேர்வை.

10, திங்கள்
மேகம். காலை ஷிப்ட். நாப்பது அடி பெட்டியைத் தூக்கிட்டேன், கீழ டிரைலர் ரெடி. அரை விரல்னா இங்க எவ்ளோ? ரெண்டு அடியா, மூணா? மனசுக்குள்ள கணக்குப் போடறேன். டிரைலர்கிட்ட பெரியவர் ஒருத்தர் வாக்கிடாக்கியோட நிக்கிறார். பெட்டிக்கு அடியிலயா, தள்ளியான்னு எனக்கு நிச்சயமா தெரியல.

"எறக்கு நைனா"ன்னு வாக்கிடாக்கில சொல்றார்.

எறக்கல. கை லீவர்ல ஒட்டிக்கிச்சு.

"எறக்குப்பா, இன்னா தூங்கினு கீறியா?"

"எல்லாரும் தள்ளிப் போங்க"ன்னேன். சூப்பர்வைசர் லைன்ல வந்தார். "இன்னாப்பா, கிரேன் ரிப்பேரா?"

"இல்ல சார். கிரேன் நல்லா கீது. எனக்கு வலது கண்ணு தெரியல."