மானி காட்டாத காற்று

அன்புள்ள சிவக்கொழுந்துக்கு,

உன் முழங்கால் நோ குறைந்ததா? வெள்ளவத்தையில் நான் நல்ல சுகம்.

அமுக்கினால் சுருங்கும் காற்று குழாய்க்குள் எப்படி ஓடும் என்று எங்கள் அலுவலகக் கணினியில் கணிக்கும் வேலை மூன்று நாளாக நின்றுபோயிருந்தது. தொடக்க அமுக்கத்தைப் பூச்சியம் என்று போட்டதுதான் பிழை என்றேன். பட்டமில்லாத என்னை ஒரு வருடமாக அந்தக் கணினியைத் தொடவிடாத பொறியியலாளர் பௌஸி, "அமுக்கமானி பூச்சியம்தானே காட்டுது. நீங்க எந்தக் கம்பஸ்ல படிச்சீங்க?" என்றார்.

"டயருக்குக் காத்தடிச்ச கம்பஸ். காத்துப்போன டயருக்குள்ளயும் வெளிக்காத்து இருக்கு, மானி அதைக் காட்டாது. அதையும் கூட்டிப் போடுங்கோ."

போட்டார், கணிப்பு ஓடியது. இனி எல்லாக் கணிப்பையும் நானே அமைக்கவேண்டுமாம்.

மிளகாய்த்தூள் முடிந்துவிட்டது. அனுப்பாதே, நீயே கொண்டு வா. பௌஸி கூப்பிடுகிறார், இன்றைக்கு மரியாதையாக "சேர்" என்று. வந்தால் நீயும் கேட்கலாம்.

அவசரத்தில்,
நாகேந்திரம்