பழனியப்பன் மெஷினின் வேகம்

12-5-1979, சனி

மெட்ராஸிலிருந்து செல்லோ என்ற பெரிய வயலின் வாசிப்பவர் வந்துவிட்டார். நாளை மல்லசமுத்திரம் மாரியம்மன் நோம்பியில் எங்கள் மெல்லிசைக் குழுவோடு வாசிக்கிறார். நாங்கள் கடைசியில் வாசிக்கும் பாட்டு இருக்கிறதே, அதன் ரிக்கார்டில் செல்லோ வாசித்தவர் அவர்தான். அதற்காகவே அழைத்தோம்.

இன்று ஒத்திகையில் அதே பாட்டு. நாலு வரி போவதற்குள் வில்லை இறக்கிவிட்டார். "எதுக்கு சார் இவ்வளவு ஓட்டம்? சுருதியும் ஏறிக் கெடக்கு," என்றார். ரிக்கார்டைப் போட்டுக் காட்டினேன். சிரித்தார். "உங்க மெஷின் வேகமா சுத்துது."

ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் ரேடியோ செட் பழனியப்பனின் ரிக்கார்டு மெஷின் அது. எங்கள் பாட்டெல்லாம் அதில் கேட்டுப் பழகியவை. இந்தப் பக்கம் எந்த நோம்பிக்கும் அவர் செட்தான். "மெதுவா வாசிச்சா சனம் எந்திரிச்சுப் போயிருமுங்க," என்கிறார் அவர். செல்லோக்காரரோ, "தப்பா வாசிக்க நான் எதுக்கு?" என்று கேட்டுவிட்டு லாட்ஜுக்குப் போய்விட்டார். நிம்மதியாகத் தூங்குவார். குழுவை நடத்துகிறவன் என்பதால் முடிவு நான் சொல்ல வேண்டுமாம்.

சற்றுமுன் சரியான வேகத்தில் தணிந்த குரலில் பாடிப் பார்த்தேன். தூங்கிக்கொண்டிருந்த சரசு எழுந்து வந்து என் நெற்றியில் கை வைத்தாள்.

"ஏனுங்க, மேலுக்குச் சொகமில்லீங்களா?"