அரைப்பேர் போட்ட பஸ் கணக்கு

பலாங்கொடை
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் சுதர்ஷினிக்கு அப்பா எழுதுவது. அந்தக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க முருகனை வேண்டிக்கொள்கிறோம். இங்கே எனக்கும் அம்மாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, என் மானத்துக்குத்தான் கொஞ்சம் சுகமில்லை. போனில் சொன்னால் நீ சிரிப்பது காதில் விழும் என்றுதான் கடிதமாக எழுதுகிறேன்.

நம் தோட்டத்துக்குக் காலையில் ஒரே பஸ் என்பது உனக்குத் தெரியும். இன்னொன்று விடலாமா, இருபது வருஷத்தில் இந்தப் பாதையில் எவ்வளவு சனம் போகும் என்று பார்க்கப் போன மாதம் டவுன் பஸ் ஆபீஸிலிருந்து ஒரு மாத்தையா வந்தார். காலையில் எண்பது பேர் இருந்தால் பஸ் வரும் என்றார். நான் வாயை மூடிக்கொண்டு இருந்தேனா? என் மகள் ரொட்டர்டாமில், முப்பது வருஷம் கழித்துத் துறைமுகத்துக்கு எத்தனை கப்பல் வரும் என்று இப்போதே சொல்லுகிறவள், அவளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான் என்று அளந்துவிட்டேன். அவர் மிரண்டுபோய், ஆட்களை எண்ணி எழுதும் தாளை என் கையிலேயே கொடுத்துவிட்டார்.

வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பஸ் நிற்கிற பவாஸின் கடை வாசலில் மூன்று நாள் நின்று எழுதினேன். முப்பத்தோரு வருஷம் வேலைக்கு வந்தவர்களின் பேர் பதியும் செக்ரோல் எழுதிய கணக்கப்பிள்ளையின் கை சும்மா இருக்குமா. கொழுந்து குறைந்தவர்களுக்கு அரைநாள் சம்பளம் என்று அரைப்பேர் போட்ட பழக்கத்தில், அரை டிக்கெட்டில் போகிற பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லோருக்கும் அரைப்பேர் போட்டேன். பஸ்ஸில் இடமில்லாமல் ரோட்டிலேயே நின்றுவிட்ட இருபது பேருக்கும், வேலைக்கு வராதவர்களுக்குப் போடுவது போல ஆப்சென்ட் போட்டேன். தினமும் தொண்ணூற்று நான்கு பேர் வந்தார்கள், என் தாளில் ஐம்பத்தேழு. அடியில் இரண்டு கோடு இழுத்துக் கையெழுத்தும் வைத்தேன்.

ஐம்பத்தேழு பேர்தான், பஸ் கிடையாது என்று போன வாரம் பதில் வந்தது. சிறுநீரகக் கிளினிக்குக்குப் போகிற மூக்காயி, பஸ் ஏற முடியாமல் இரண்டு செவ்வாய்க்கிழமை திரும்பி வந்தவள், வீட்டு வாசலில் வந்து நின்று, ஐயா, ரோட்டுல நின்ன நாங்க ஆளு இல்லீங்களா என்று மட்டும் கேட்டாள். அவளுக்கும் ஆப்சென்ட் போட்டவன் நான். அம்மா வேறு, சீனி வருத்தத்துக்கு மருந்தெடுக்கப் போற என்னையும் அரையாத்தான் போட்டீங்களா என்கிறாள்.

நேற்று முன்தினம் அதே பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய், மாத்தையாவிடம் சிங்களத்தில் ஒரு தடவையும் தமிழில் ஒரு தடவையும் என் மடத்தனத்தைச் சொன்னேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார், ஆனாலும் புதுத் தாள் கொடுத்தார். நாளைக்கு மறுபடி எண்ண வேண்டும். இந்த முறை எழுதப்போவது பவாஸின் மகள் றிப்தா. எனக்கு அவளுக்குக் குடை பிடிக்க மட்டும் அனுமதி.

வேளைக்குச் சாப்பிடு, காதை மூடாமல் வெளியே போகாதே. இருவரும் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ எங்கள் ஆசி. ஒன்றை மறந்துவிடாதே அம்மா, அந்தத் தாளின் கடைசியில், பஸ் இருந்தால் இனிமேல் யார் யார் வருவார்கள் என்று ஒரு கேள்வி இருக்கிறது. போன முறை அதில் கோடு இழுத்துவிட்டேன். இந்த முறை அந்த இடத்தை மட்டும் றிப்தாவிடம் கேட்டு வாங்கி, நானே உன் பெயரை எழுதியிருக்கிறேன். நீ கடைசியாக இங்கே வந்து ஆறு வருஷம் ஆகிறது, என் பழக்கத்துக்கு ஆப்சென்ட்தான் போட்டிருக்க வேண்டும். முழுப்பேர் போட்டிருக்கிறேன். இந்தக் கணக்கையாவது சரியாக்கிக் கொடு.

உன் அப்பா,
செல்லையா