மூச்சு வாங்காதவன்

மச்சான், இன்று காலை வீட்டில் பித்ரா அரிசி அளந்தார்கள். நாளைக்கு நோன்புப் பெருநாள், அதற்குள் ஏழைகளின் வீடுகளுக்குப் போய்ச் சேர வேண்டும். என் மனைவி சுண்டுப் படியால் அள்ளிப் பைகளில் போட்டுக்கொண்டிருந்தாள். புது அரிசியின் வாசம் மூக்கில் ஏறியதும் எனக்கு எரிச்சல் வந்தது. எழும்பி வெளியே போய்விட்டேன். "நோன்புக் கோபம்" என்று அவள் பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்கு உன்னைப் பற்றி நான் சொன்னதே இல்லை.

பெருநாள் சைக்கிள் ஓட்டத்தில் மூன்று வருஷம் நீ முதலாவது, நான் இரண்டாவது. கல்முனைச் சந்தியில் தொடங்கி, மாவடிப்பள்ளியில் தார்ப் பீப்பாவைச் சுற்றித் திரும்பி வரும்வரை உன் பின்சில்லின் புழுதியைத் தின்றவன் நான். நாலாவது வருஷம் அரிசி மில்லின் எஞ்சின் பட்டி உன் இடது கையை இழுத்தது. முழங்கைக்குக் கீழே ஒன்றும் மிஞ்சவில்லை. ஊர் முழுக்க உன்னைப் பார்க்க வந்தது. எல்லோரும் "இனி என்ன செய்யப் போறான்" என்று உன் காதுபடவே கதைத்தார்கள்.

நீ செய்தது எனக்கு மட்டும்தான் தெரியும். ஹாண்டிலில் தோல் வார் கட்டி, மிச்சக் கையை அதற்குள் இறுக்கி, விடியலில் சுபஹு தொழுதுவிட்டு மாவடிப்பள்ளி ரோட்டில் ஓடினாய். வயலுக்குள் எத்தனை தரம் விழுந்தாய்! தூக்க வந்த என்னைத் தூஷணத்தால் ஏசினாய். ஆறு மாதத்தில் விழாமல் ஓடினாய்.

பெருநாளுக்கு முதல் நாள் என் வீட்டுக்கு வந்தாய்.

"கையப் பாக்காத மச்சான், சில்லப் பாரு. எனக்கு இன்னும் ஏலுமா ஏலாதா எண்டு தெரியணும். மத்தவனெல்லாம் பாவம் பாப்பான். நீ பாக்காத."

"ஓம், விட்டுக்குடுக்க மாட்டன்" என்றேன்.

அடுத்த நாள் புதுச் சாரன் உடுத்துக்கொண்டிருந்தபோது உம்மா வந்து தோளைத் தொட்டா. "பெருநாளும் அதுவுமா அந்தப் புள்ள வெல்லட்டும் மனே. ஒனக்கு நன்மை கிடைக்கும்." உம்மாவின் மேல் பழி போட முடியாது. அந்த யோசனை எனக்கும் இனித்தது. உனக்கு ஒன்று கொடுக்கிற இடத்தில் நான் நிற்பது அதுதான் முதல் தடவை.

எட்டுப் பேர் ஓடினோம். பீப்பாவைச் சுற்றித் திரும்பிக் காரைதீவு தாண்டும்போது முன்னால் நாம் இருவர் மட்டும்தான், சில்லுக்குச் சில்லு. சாய்ந்தமருதில் நான் மிதியை இளக்கினேன்.

சந்தியில் உன்னைத் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். பரிசாக மருதமுனைச் சாரன் ஒன்றைத் தோளில் போட்டார்கள். நீ சிரித்துக்கொண்டே என்னைத் தேடி வந்தாய். கிட்ட வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. உன் நெஞ்சு துருத்திபோல ஏறி இறங்கியது. என் சட்டை நனைந்திருக்கவே இல்லை.

"ஒனக்கு மூச்சே வாங்கலியே" என்றாய்.

சாரனை என் ஹாண்டிலில் போட்டாய்.

"எங்கட ஊடு பித்ரா குடுக்கிற ஊடு. வாங்கிற ஊடு இல்ல. நன்மை தேட ஒனக்கு நான்தானா கிடைச்சன்?"

அதுதான் நீ என்னோடு கடைசியாகக் கதைத்தது. இரண்டு தரம் வாசலுக்கு வந்து, இன்னொரு தரம் ஓடுவோம் என்று கெஞ்சினேன். கதவுக்குப் பின்னால் உன் இருமல் கேட்டது, நீ வெளியே வரவில்லை. சைக்கிளையும் விற்றுவிட்டாய். நான் முழு மூச்சாய் மிதித்திருந்தாலும் அன்றைக்கு நீ வென்றிருக்கலாம். அது எனக்கும் தெரியாது. நாசமாய்ப் போனவன் நான், நீ அதைத் தெரிந்துகொள்ளவும் விடவில்லை.

இரண்டு வருஷத்தில் நெருப்புக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனது. ஜனாஸாத் தொழுகைக்கு முன் உன் தம்பி சபையில் எழும்பி நின்று, அழுதுகொண்டே வழக்கப்படி கேட்டான்: "எங்கட நானாவால ஆருக்கும் மனவருத்தம் இருந்தா அல்லாஹ்வுக்காகப் பொறுத்துக்கோங்க."

"பொறுத்தம்" என்றது சபை. நானும் சொன்னேன், எல்லோரையும் விடச் சத்தமாக. நீ எனக்கு என்ன பிழை செய்தாய், நான் பொறுப்பதற்கு? மையித்துக்காக உயிரோடிருப்பவர்களிடம் மன்னிப்புக் கேட்கிறோம். உயிரோடிருப்பவன் மையித்திடம் கேட்க ஒரு வழியும் இல்லை. வழி இருந்து நான் கேட்டிருந்தாலும் நீ தந்திருக்க மாட்டாய், மச்சான். உன்னை எனக்குத் தெரியும்.