பார்க்காமல் எழுதிய செய்தி

சிஸ்டர்,

நேற்று பேத்திக்குத் தடுப்பூசி போடப் போயிருந்தோம். நர்ஸ் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துக் குழந்தையின் தொடையில் தேய்த்ததும் அந்த வாடை மூக்கில் ஏறியது. மகள் குழந்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் நினைவில் புதூர்நாடு மலைக்குப் போகும் ஜீப்பில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் இறந்துபோய் நான்கு மாதமாகிறது. எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது.

எண்பதுகளின் தொடக்கம். நான் திருப்பத்தூரில் ஒரு நாளிதழுக்கு நிருபர். சந்தைக்குப் புளி கொண்டுவந்த இரண்டு பேர் டீக்கடையில் பேசிக்கொண்டதைக் கேட்டு, மலையில் தடுப்பூசி போட்ட இரு குழந்தைகள் சாவு என்று எழுதி அனுப்பிவிட்டேன். மலைக்குப் போக பஸ் இல்லை என்பது எனக்கு நானே சொல்லிக்கொண்ட சாக்கு. மறுநாள் முதல் பக்கத்தில் வந்தது. பார்ப்பவர்களிடமெல்லாம் காட்டிக்கொண்டு திரிந்தேன்.

மூன்றாம் நாள், அந்த மலையில் ஊசி போடும் நர்ஸான நீங்கள் என் அறை வாசலில் வந்து நின்றீர்கள். வெள்ளைப் புடவையின் ஓரமெல்லாம் செம்மண், கையில் அந்தப் பேப்பர். சண்டை போடத்தான் வந்திருக்கிறீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் குரலை உயர்த்தவே இல்லை.

“ஊருக்கு வந்து பாத்தீங்களா சார்?”

“இல்லைங்க.”

“செத்த கொழந்தைங்களோட அம்மாவ பாத்தீங்களா?”

“இல்லை.”

“அப்ப இன்னாத்த பாத்து எழுதனீங்க? நாளைக்கு ஜீப் போவுது. வர்றீங்களா?”

வந்தேன். ஜீப்பை விட்டு இறங்கி நடந்தபோது, உங்கள் தலையைப் பார்த்ததும் சாமைக் கொல்லையில் நின்ற பெண்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அவர்களுக்குப் படிக்கத் தெரியாது. யாரோ படித்துச் சொல்லியிருந்தார்கள். நான் ஏறாத மலையில் என் செய்தி எனக்கு முன்னால் ஏறியிருந்தது.

இறந்த குழந்தைகளின் வீடுகளுக்குப் போனோம். இரண்டுமே பேதியில் போயிருந்தன. குடிக்கிற ஊற்று கலங்கிக் கிடந்தது. பெரியவர்களும் அதே பேதியில்தான் படுத்திருந்தார்கள். ஒரு குழந்தைக்கு நீங்கள் ஊசியே போட்டிருக்கவில்லை. இன்னொன்றுக்குப் போட்டு இரண்டு மாதத்துக்கு மேலாகியிருந்தது.

நோட்டை மூடிவிட்டு, “உங்க பேரைக் காப்பாத்திடலாம் சிஸ்டர்” என்றேன்.

“இன்னொரு வூடு பாக்கி இருக்கு” என்றீர்கள்.

அங்கே ஒரு கைக்குழந்தை. தொடையில் பெரிய சீழ்க்கட்டி. நீங்கள் போட்ட ஊசி. அன்றைக்கு ஸ்டவ்வில் மண்ணெண்ணெய் தீர்ந்துபோனதையும், ஊசியைச் சரியாகக் கொதிக்க வைக்காததையும், அவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்று போட்டுவிட்டதையும் அவன் அம்மாவின் முன்னாலேயே சொன்னீர்கள். சொல்லும்போது உங்கள் கை அந்தப் பிள்ளையின் பாதத்தைப் பிடித்தபடி இருந்தது.

“இதையும் எழுதுங்க சார்.”

“உங்க வேலை போயிடும்ங்க.”

“போனா போவுது. பாதிய மறைச்சீங்கன்னா மீதியையும் இவங்க நம்பமாட்டாங்க.”

எழுதினேன். முதல் பத்தியில் என் தவறு, கடைசிப் பத்தியில் உங்கள் தவறு. “நம்ம பேப்பரே நம்ம பேப்பர பொய்யின்னு சொல்றதா?” என்று செய்தி ஆசிரியர் போனில் கத்தினார். போடாவிட்டால் வேலையை விட்டுவிடுகிறேன் என்றேன். உள்பக்கத்து மூலையில், சின்ன எழுத்தில் வந்தது. உங்களுக்கு மெமோ வந்தது.

அந்தச் சின்ன எழுத்தை நீங்கள் ஊர் ஊராக எடுத்துப்போய்ப் படித்துக் காட்டினீர்கள், உங்கள் குற்றத்தையும் சேர்த்து. சில நாள் நானும் கூட வந்தேன். கட்டி ஆறிய பிள்ளையின் அம்மாதான் முதலில் வந்தாள். “தப்ப ஒத்துக்கறவ பொய் சொல்லமாட்டா. நீ கொதிக்க வெய்யி, நான் பாத்துக்கினு இருக்கேன்” என்று ஸ்டவ்வின் எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னால் ஏழெட்டுப் பெண்கள் நின்றார்கள். உங்கள் கண் கலங்கியதை நான் பார்த்தேன். பார்க்காதது போல இருந்துவிட்டேன்.

எல்லா ஊரும் வரவில்லை. ஒரு ஊர் கடைசிவரை கதவைத் திறக்கவில்லை. அந்த மழைக்காலத்தில் அங்கே ஒரு பெண்குழந்தை கக்குவான் இருமலில் இறந்தது. அதற்குள் உங்களைக் கண்ணமங்கலம் பக்கம் மாற்றியிருந்தார்கள். பச்சையம்மா, ஒன்றரை வயது என்று எனக்குக் கார்டு எழுதியது நீங்கள்தான்.

பல வருடம் கழித்து, உங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கேட்டேவிட்டேன். நான் அந்தச் செய்தியை எழுதாமல் இருந்திருந்தால் அவள் பிழைத்திருப்பாளா? நீங்கள் குழம்புக் கரண்டியைச் சட்டியில் திரும்ப வைத்தீர்கள்.

“தெரியலைங்க சார். ஊசி போட்டிருந்தா பொழைச்சிருக்கலாம். போட்டும் போயிருக்கலாம். உங்க மனசு ஆறணும்னு நான் ஒன்னு சொல்லக்கூடாது.”

சொல்லிவிட்டு என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தீர்கள். நான் அழுது முடிக்கும்வரை எழுந்து போகவில்லை.

அதற்குப் பிறகும் எத்தனையோ வருடம் நோய்களைப் பற்றி எழுதினேன். டீக்கடை சொன்னாலும், பெரிய டாக்டர் சொன்னாலும், மருந்துக் கம்பெனி சொன்னாலும் அந்த வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். தெரியாத இடத்தில் தெரியவில்லை என்று எழுதினேன். இது ஒரு செய்தியா என்று ஆபீஸில் சிரித்தார்கள்.

எதை எழுதி முடித்தாலும், அனுப்பும் முன் பச்சையம்மாவின் பெயரை ஒருமுறை வாய்க்குள் சொல்லிக்கொள்வேன். உங்களிடம்கூட இதைச் சொன்னதில்லை. இந்த மடலுக்கும் சொல்லிவிட்டேன், சிஸ்டர்.