தெரிஞ்ச பேர்

தம்பிக்கு,

'அன்புள்ள'ன்னு போட மனசு வரல.

உங்க கம்பெனியில நான் குடுத்த புகாரை வாபஸ் வாங்கச் சொல்லி மெசேஜ் மேல மெசேஜ் அனுப்பற. வேலை போயிடும்ங்கிற. போகட்டும்.

நான் ரத்தம் குடுத்த லேப்புக்கு ஆப் செஞ்சது உங்க கம்பெனி. தேடுற வசதி சரியா ஓடுதான்னு பார்க்க, பொய்ப் பேரும் பொய் ரிப்போர்ட்டும் வச்சுத்தான் பார்க்கணும்னு உங்க ஆபீஸ்ல விதி. துரை, உனக்கு அதுக்குப் பொறுமை இல்ல. நிஜ ஆளுங்களோட ரிப்போர்ட் இருக்கிற இடத்துல என் பேரை அடிச்ச. "தெரிஞ்ச பேர்னா சீக்கிரம் முடியும்ல, அதான்க்கா"ன்னு சிரிச்ச பாரு, நினைச்சாலே பத்திக்கிட்டு வருது.

உண்டாயிருக்கேன்னு என் வீட்டுக்காரருக்கே நான் சொல்லல. அதுக்குள்ள நீ அம்மாவுக்கு ஃபோன் போட்டுட்ட. "நல்ல விஷயம்தானே"ன்னு என்னையே கேட்ட. போன தடவை என்ன ஆச்சுன்னு உனக்குத் தெரியுமா? அம்மாவுக்குத் தெரியுமா? அதனாலதான்டா வாயை மூடிட்டு இருந்தேன்.

அம்மா தொட்டில் வாங்கிட்டு வந்து எங்க படுக்கையறையில வச்சிட்டாங்க. தினமும் ஃபோன் பண்ணி, சாப்பிட்டியா, படுத்தியான்னு கேக்கறாங்க. நானும் உம் கொட்டிட்டிருக்கேன்.

புகாரை வாபஸ் வாங்க மாட்டேன்.

முந்தாநாள் மறுபடியும் ரத்தம் குடுத்தேன், அதே லேப்புல. இந்தத் தடவை நீ தேட வேண்டாம், ரிப்போர்ட்டை இதோடவே வச்சிருக்கேன். முதல் செய்தியை அம்மாகிட்ட சொன்னவன் நீ. இதையும் நீயே சொல்லு. சொல்லிட்டு ஒரு வண்டி பிடிச்சு வந்து தொட்டிலை எடுத்துட்டுப் போ.

உனக்கு அக்காவா இருந்தவ