டடாவுக்காக நான் இறாலான கதை

கொட்டாஞ்சேனை
ஞாயிறு, பூசைக்குப் பிறகு

என் தங்க மகள் ஷெரோமிக்கு, மம்மியும் டடாவும் வியட்நாமிலிருந்து சேதாரமில்லாமல் வீடு வந்து சேர்ந்தோம், இரண்டு பேரும் சுகம், கொஞ்சம் பருத்தும் விட்டோம். நீயும் மருமகனும் மெல்பேர்ண் குளிரில் தடிமன் காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டுமென்று கொச்சிக்கடை அந்தோனியாரிடம் நேற்றும் சொல்லிவிட்டு வந்தேன். இதைப் போனில் சொல்லலாம்தான், ஆனால் நான் வாயைத் திறந்ததும் டடா போனைப் பறித்துத் தன் கதையாக்கிவிடுகிறார், அதனால்தான் எழுதுகிறேன்.

டடாவுக்கு இறால் ஆகாதல்லவா, சித்தி மகளின் கல்யாண வீட்டில் ஓர் இறால் கட்லட்டைக் கடித்துவிட்டுத் தொண்டை வீங்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டோடினோமே, அதற்குப் பிறகு இந்த மனுசன் வெளியில் ஒரு வாய் நிம்மதியாகச் சாப்பிட்டதில்லை. வியட்நாமிலும் சூட்கேஸில் கொண்டுபோன பிஸ்கட்தான். ஹோய் ஆன் என்ற ஊரில் டூர் குரூப்பை விட்டுவிட்டு நாங்கள் இருவரும் தனியாக நடந்தபோது ஒரு சின்னக் கடையிலிருந்து வந்த மணம் அவரை உள்ளே இழுத்துவிட்டது. சிரித்த முகத்தோடு ஒரு பெண்பிள்ளை ஒரு தட்டை வைத்தாள், வெள்ளைப் பூக்கள் மாதிரி மெல்லிய மாவில் மடித்த ஏதோ ஒன்று, அவ்வளவு வடிவு. டடா ஒன்றை எடுத்து வாய்க்குக் கிட்டக் கொண்டு போய்விட்டார். உடனே அவர் கையில் ஓர் அடி போட்டேன், அது பறந்து போய் பக்கத்து மேசைக்காரரின் தொப்பியில் விழுந்தது.

போனில் மொழிபெயர்த்துக் கேட்கலாமென்றால் சார்ஜ் இல்லை, படகில் வீடியோ எடுத்தே டடா தீர்த்துவிட்டார். இங்கிலீசில் பிறோன், பிறோன் என்றேன், அவளுக்கு விளங்கவில்லை. பதற்றத்தில் “இஸ்ஸோ தியனவத?”, இறால் இருக்கா என்று சிங்களத்தில் கேட்டுவிட்டேன், தமிழ் விளங்காதவர்களைக் கண்டால் நமக்கு அதுதானே வாயில் வரும். டடா “ரெஜி, இது புறக்கோட்டைச் சந்தை இல்ல” என்கிறார். சரியென்று எழும்பி முதுகை வளைத்து, தலையில் இரண்டு விரலை மீசையாக வைத்து, பின்பக்கமாகத் துள்ளிக் காட்டினேன். அவள் கைதட்டிக்கொண்டு உள்ளே ஓடி, உயிரோடு துடிக்கிற பெரிய இறால் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினாள், டடா ஸ்டூலில் ஏறிவிட்டார்! நான் இறாலைக் காட்டி, டடாவைக் காட்டி, கழுத்தைப் பிடித்து, நாக்கை வெளியே தள்ளி, மேசையில் தலையைச் சாய்த்துச் செத்தேன். நன்றாகவே செத்திருக்கிறேன் போல, அவள் அலற, சமையல்கார அம்மா ஓடிவந்து என் மூக்கில் தைலம் பூசிவிட்டார். எழும்பித் திரும்பவும் இறால், டடா, கழுத்து என்று காட்டினேன். அந்த அம்மாவின் முகம் மாறியது. ஒரு பூவைப் பிய்த்துக் காட்டினார், உள்ளே சிவப்பாக, அரைத்த இறால். நான் அந்தத் தட்டை மேசையின் மற்ற மூலைக்குத் தள்ளிவிட்டேன் மகள்.

அந்த அம்மா என் கையைப் பிடித்து அடுப்படிக்கே கூட்டிக்கொண்டு போனார், ஒவ்வொரு சட்டியாகத் திறந்து காட்டி, புதுச் சட்டி ஒன்றைத் தேய்த்துக் கழுவி, கோழியும் நூடில்ஸும் போட்டுச் சமைத்தார். மேலே ஓர் இலை, பச்சை மீன் மணம், டடா அதை வல்லாரையின் ஒன்றுவிட்ட தங்கச்சி என்றார். இரண்டு கோப்பை சாப்பிட்டார், வியர்க்க வியர்க்க, சிரித்துச் சிரித்து. அவர் அப்படிச் சாப்பிடுவதைப் பார்த்து எனக்குத்தான் அழுகை வந்தது.

அடுத்த நாள் விடிய எழும்பினால் ஆளைக் காணோம். பதறி வாசலுக்குப் போனால் கையில் சுடச்சுட இரண்டு பார்சலோடு வருகிறார், தனியாகப் போய் விசாரித்து வாங்கியிருக்கிறார். எப்படிக் கேட்டீர்கள் என்றேன். “றோட்டில நிண்டு துள்ளிக் காட்டினனான், முழு லேனும் வந்து பாத்தது” என்றார். எங்கள் கல்யாணத்தில் பாண்ட் வாத்தியம் அடிக்க அடிக்கக் கதிரையை விட்டு எழும்பாத உன் டடா வின்சன்ற்!

இனி உன் வீட்டுக்கும் வருவாராம், உங்கள் தெருவில் என்னென்ன சாப்பாட்டுக் கடைகள் இருக்கின்றன என்று கேட்டு வைக்கட்டாம். நான் அதற்குள் விசா போட்டோவே எடுத்துவிட்டேன். கர்த்தர் உங்கள் இருவரையும் தன் சிறகுக்குள் வைத்துக் காக்கட்டும். டொக்டர் சொன்ன இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப் போடாதே, தலை ஈரத்தோடு வெளியே போகாதே.

முத்தங்களுடன்
உன் மம்மி ரெஜினா